சான்ஸ் செரிஃப் எழுத்துருவும் தெமோதரைப் பெயர்ப்பலகையும்: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை வரையறைகள்

• எழுத்துரு: ஒரே வடிவமைப்பு நெறியில் அமைந்த எழுத்துகள், இலக்கங்கள், குறியீடுகளின் தொகுதி.
• எழுத்துருக் குடும்பம்: ஒரே எழுத்துருவின் மெல்லிய, சாதாரண, தடித்த, சாய்ந்த, ஒடுங்கிய வகைகள் அனைத்தும்.
• செரிஃப்: எழுத்துக் கோட்டின் முனையில் வரும் சிறு குறுக்குக் கோடு. உதாரணம்: டைம்ஸ் நியூ ரோமன் (1932; ஸ்டான்லி மோரிசன், விக்டர் லார்டன்ட்; லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்காக).
• சான்ஸ் செரிஃப்: முனைக் குறுக்குக் கோடு அற்றது, கோட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரே சீர். ‘சான்ஸ்’ – பிரெஞ்சில் ‘இல்லாமல்’. உதாரணங்கள்: ஏரியல், வெர்டானா, கலிப்ரி, ஹெல்வெட்டிக்கா.
• கோட்டு வேறுபாடு: ஓர் எழுத்தின் மிகத் தடித்த கோட்டுக்கும் மிக மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசம். செரிஃபில் அதிகம், சான்ஸ் செரிஃபில் குறைவு.
• உள்வெளி: எழுத்துக்குள் அடைபடும் வெற்றிடம். ன, ண, ஞ ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் இடம் இதுவே. சிறிய அளவிலும் தடித்த வகையிலும் முதலில் அடைந்துபோகும் இடமும் இதுவே.
• அடித்தளக் கோடு: எழுத்துகள் வரிசையாக அமரும் கற்பனைக் கோடு.
• சிற்றெழுத்து உயரம்: ரோமன் சிற்றெழுத்தின் உடல் உயரம். தமிழில் சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாடு இல்லை.
• அளவு: 1 புள்ளி = 1/72 அங்குலம்; 12 புள்ளி = 1 பைக்கா; 6 பைக்கா = 1 அங்குலம்.
• தடிப்பு எண்: 100 முதல் 900 வரை. 400 – சாதாரணம். 700 – தடிப்பு.

சான்ஸ் செரிஃபின் 4 உட்பிரிவுகள்

• குரோட்டெஸ்க்: 19ஆம் நூற்றாண்டு வகை, வடிவில் சிறு ஒழுங்கின்மை. அக்சிடென்ஸ் குரோட்டெஸ்க் (1898, பெர்ட்ஹோல்ட், பெர்லின்).
• நவ குரோட்டெஸ்க்: ஒழுங்கு, நடுநிலை, மூடிய முனைகள். ஹெல்வெட்டிக்கா, யூனிவர்ஸ் (இரண்டும் 1957).
• வடிவகணித வகை: வட்டம், நேர்கோடு ஆகியவற்றின் அடிப்படை. ஃபியூச்சுரா (1927, பவுல் ரென்னர்).
• மானுடவியல் வகை: கையெழுத்தின் சாயல், திறந்த முனைகள். ஜோன்ஸ்டன் (1916), கில் சான்ஸ் (1928), ஃப்ரூட்டிகர் (1976).
• பெயர்ப்பலகைக்கும் சிறிய திரைக்கும் பொருத்தமானது – மானுடவியல் வகை. காரணம்: திறந்த முனைகளால் எழுத்துகள் தூரத்திலும் ஒன்றோடொன்று மாறித் தெரிவதில்லை.

காலவரிசை: உலகம்

• 1816 – முதல் அச்சு சான்ஸ் செரிஃப். வில்லியம் காஸ்லன் 4, இங்கிலாந்து. பேரெழுத்துகள் மட்டும்.
• 1832 – ‘சான்ஸ் செரிஃப்’ என்ற பெயர். வின்சென்ட் ஃபிகின்ஸ்.
• 1834 – சிற்றெழுத்துகள் கொண்ட முதல் சான்ஸ் செரிஃப். வில்லியம் தரோகுட்.
• 1916 – லண்டன் நிலக்கீழ்ப் புகையிரதத்துக்கான எழுத்துரு. எட்வர்ட் ஜோன்ஸ்டன், பணித்தவர் ஃபிராங்க் பிக். போக்குவரத்து நிறுவனம் ஒன்று தனக்கென எழுத்துரு செய்வித்த முன்னோடி நிகழ்வு.
• 1928 – கில் சான்ஸ். எரிக் கில், ஜோன்ஸ்டனுடன் பணியாற்றியவர், வெளியீடு மோனோடைப். 1929இல் இங்கிலாந்தின் லண்டன் வடகிழக்குப் புகையிரதக் கம்பனி ஏற்பு.
• 1957 – நொயே ஹாஸ் குரோட்டெஸ்க். மாக்ஸ் மீடிங்கர், எடுவார்ட் ஹொஃப்மன், சுவிட்சர்லாந்து. 1960இல் பெயர் மாற்றம்: ஹெல்வெட்டிக்கா.
• 1957 – யூனிவர்ஸ். அட்ரியன் ஃப்ரூட்டிகர். 21 வகைகள், எண் முறையில் பெயரிடல். 55 – சாதாரண வகை.
• 1960கள் – பிரித்தானிய வீதிக் குறியீடுகளுக்கான ‘டிரான்ஸ்போர்ட்’, புகையிரதத்துக்கான ‘ரெயில் அல்ஃபபெட்’. இரண்டும் ஜொக் கின்னீர், மார்கரெட் கல்வெர்ட்.
• 1969 – அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டின் எழுத்துரு: ஃபியூச்சுரா.
• 1976 – ஃப்ரூட்டிகர் வெளியீடு. தோற்றம்: பாரிஸ் சார்ள் டி கோல் விமான நிலையப் பெயர்ப்பலகைகள்.
• 1982 – ஏரியல். ரொபின் நிக்கலஸ், பட்ரிசியா சோண்டர்ஸ், மோனோடைப்.
• 1996 – வெர்டானா. மத்தியூ கார்ட்டர், கணினித் திரைக்காகவே வரையப்பட்டது.
• 2007 – கலிப்ரி, மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸின் இயல்பு எழுத்துரு. லூகாஸ் டி குரூட். 2023இல் அதன் இடத்தில் அப்டொஸ் (ஸ்டீவ் மட்டசன்).
• 2011 – ரோபோட்டோ, அன்ட்ரொய்டுக்காக. கிறிஸ்டியன் ரொபர்ட்சன்.

தமிழில் சான்ஸ் செரிஃப்: பொருள் எது?

• ரோமன் எழுத்தில் உள்ளது போன்ற செரிஃப் தமிழ் எழுத்தின் மரபில் இல்லை. ஆகவே ‘தமிழ் சான்ஸ் செரிஃப்’ என்பதன் பொருள் வேறு: சீரான கோட்டுத் தடிப்பு, நேராக வெட்டிய முனை, திறந்த சுழி, அலங்காரமின்மை.
• ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு – முழுதும் ஒரே தடிப்பு. அச்சு எழுத்தில்தான் தடித்த, மெல்லிய கோட்டு வேறுபாடு நிலைபெற்றது. எனவே சீர்கோட்டு எழுத்து தமிழுக்கு இரவல் அல்ல. ‘மேல்நாட்டுப் பாணி’ என்று தள்ளிவிடுவது தவறு.
• முதல் தமிழ் அச்சு நூல்: தம்பிரான் வணக்கம், 20 ஒக்டோபர் 1578, கொல்லம். ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகள். இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலும் இதுவே.
• எ–ஏ, ஒ–ஓ வடிவ வேறுபாடு, ஒற்றைக் கொம்பு–இரட்டைக் கொம்பு வேறுபாடு: வீரமாமுனிவர் (1680–1747).
• இலங்கையின் முதல் சிங்கள அச்சு: 1737, கொழும்பு, ஒல்லாந்தர் அச்சகம். எழுத்து வெட்டியவர் கேப்ரியல் ஷாட.
• யாழ்ப்பாணத்தின் முதல் இதழ்: உதயதாரகை, 1841, அமெரிக்க மிஷன்.
• தமிழ் எழுத்துகள்: 12 + 18 + 216 + 1 = 247.
• வரைவதில் கடினமானவை: ண (3 சுழி), ன (2 சுழி), ஞ, ஜ, ஸ்ரீ. தடிப்பு 700ஐத் தாண்டினால் ணகரத்தின் சுழிகள் கரும்புள்ளிகள். தீர்வு: தடித்த வகையில் சுழிக் கோட்டை மட்டும் சற்று மெலிதாக்கல். கண்ணுக்குச் சீராகத் தெரியும் கோடு அளவுகோலில் சீராக இராது – வடிவமைப்பின் அடிப்படை விதி.
• மேலே நீள்பவை: கி, கீ, டி, லீ போன்ற விசிறிகள், மெய்யெழுத்தின் புள்ளி. கீழே நீள்பவை: ரு, ழ, ஐ, ஜ, மூ. இரண்டும் உள்ளதால் ஒரே புள்ளி அளவில் ரோமனை விடத் தமிழுக்கு அதிக வரியிடைவெளி தேவை.
• மாறித் தெரியும் இணைகள்: ர – ா (காலுக்குக் கீழ்வால் இல்லை, ரகரத்துக்கு உண்டு). ள – ஔகாரத்தின் பின்குறி. க – தமிழ் இலக்கம் 1. மு – ழு. ரகரத்தின் வாலைக் குட்டையாக்கிய எழுத்துரு – பெயர்ப்பலகைக்குத் தகுதியற்றது.

தெமோதரை: இடக் குறிப்புகள்

• மாவட்டம்: பதுளை. மாகாணம்: ஊவா (1886இல் உருவாக்கம், தலைநகர் பதுளை, மாவட்டங்கள் 2 – பதுளை, மொணராகலை).
• புகையிரதப் பாதை: கொழும்பு – பதுளை பிரதான பாதை. தண்டவாள அகலம் 5 அடி 6 அங்குலம் (1676 மி.மீ.).
• பாதை வளர்ச்சி: அம்பேபுஸ்ஸ 1864, கண்டி 1867, நானுஓயா 1885, பதுளை 1924.
• நிலைய வரிசை: பண்டாரவளை – கினிகம – ஹீல்ஓயா – கித்தலெல்ல – எல்ல – தெமோதரை – உடுவர – ஹாலிஎல – பதுளை.
• ஒன்பது வளைவுப் பாலம்: எல்ல – தெமோதரை இடையே, 1921, நீளம் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர், கல், செங்கல், சீமெந்து, உருக்கு இல்லை.
• தெமோதரை வளையம்: பாதை மலையைச் சுற்றி இறங்கி, தெமோதரை நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தின் வழியே தன்னையே கடந்து செல்லும் அமைப்பு. செங்குத்தான இறக்கத்தைத் தவிர்ப்பதே நோக்கம்.
• சூழல்: ஊவாத் தேயிலைத் தோட்டங்கள்; மலையகத் தமிழர் வாழிடம்.
• நிலையப் பெயர்ப்பலகை: 3 மொழிகள் – சிங்களம், தமிழ், ஆங்கிலம். மலைநாட்டு நிலையங்களில் கடல் மட்டத்துக்கு மேலான உயரமும் எழுதப்படுவது வழக்கம். மிக உயரமான நிலையம் பட்டிப்பொல – 6226 அடி.

‘தெமோதரை’ – ஒரு பெயரின் எழுத்தமைப்பு

• எழுத்துகள் 4: தெ, மோ, த, ரை.
• ஒருங்குறிக் குறியெண்கள் 7. பதின்ம எண்களில்: த 2980, ெ 3014, ம 2990, ோ 3019, த 2980, ர 2992, ை 3016.
• கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள் 8. இடமிருந்து வலம்: ஒற்றைக் கொம்பு, த, இரட்டைக் கொம்பு, ம, கால், த, இணைக் கொம்பு, ர.
• 4, 7, 8 – மூன்று எண்களும் வேறுபடுவதே தமிழ் எழுத்துருவின் மையச் சிக்கல். ஒலிக்கும் வரிசையில் சேமிப்பு; தெரியும் வரிசையில் காட்சி. சேமிப்பில் தகரத்துக்குப் பின் கொம்பு. பலகையில் கொம்புக்குப் பின் தகரம்.
• ஓகாரக் குறி: சேமிப்பில் 1 குறியெண், காட்சியில் 2 துண்டுகள் – மகரத்தின் இரு புறமும்.
• யூடிஎஃப்-8 முறையில்: ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட்; 7 × 3 = 21 பைட். ஆங்கிலப் பெயர் 8 பைட். சிங்களப் பெயர் 6 × 3 = 18 பைட்.
• எழுத்தமைப்பு மென்பொருள் இல்லாத கணினியில் தோன்றும் பிழை: கொம்பு தகரத்தின் வலப்புறம் ஒதுங்கல், புள்ளி வட்டம் ஒன்று முளைத்தல், மகரத்தின் கால் தனியே விலகல். வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழி அமைப்பு முடுக்கப்படாதபோதும் இதே பிழை. அச்சகத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் பார்க்காமல் வெளியேறும் பலகைகளில் இது இன்றும் காணக் கிடைப்பது வருந்தத்தக்கது. எழுத்துருவின் குறை அல்ல, சரிபார்ப்பின் குறை.
• குறியாக்கமும் பிணைந்த பழைய பாமினி எழுத்துருவில் இதே பெயர் 8 விசைகள்: என், ஜே, பெரிய என், கே, எச், ஜே, ஐ, யூ. தட்டச்சு வரிசை = காட்சி வரிசை. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தெரிவதும் அந்த 8 ரோமன் எழுத்துகளே.

எழுத்துச் சீர்திருத்தமும் ஊவாப் பெயர்களும்

• முன்னெடுத்தவர்: பெரியார், 1935. தமிழ்நாட்டு அரசாணை: 1978.
• மாறியவை 13: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை.
• பழைய ஐகாரம்: ண, ல, ள, ன ஆகியவற்றின் முன்னால் யானைத் துதிக்கை போல வளைந்து ஒட்டிய வடிவம்.
• மாற்றத்துக்குட்பட்ட ஊவாப் பெயர்கள்: பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை (ளை), மொணராகலை, லுணுகலை (லை).
• மாற்றத்துக்குட்படாதவை: தெமோதரை (ரை), பசறை (றை), வெலிமடை (டை), தியத்தலாவை (வை). ‘றா’ மாறியது, ‘றை’ மாறவில்லை – அடிக்கடி தவறும் இடம்.
• பழைய கைவரைப் பலகையும் இன்றைய பலகையும் அருகருகே இருந்தால் ‘பதுளை’ இரு வடிவில். ‘தெமோதரை’ ஒரே வடிவில்.

மும்மொழிப் பலகை: சட்டப் பின்னணி

• 1956 இல. 33 – சிங்களம் மட்டும் அரச கரும மொழி.
• 1978 யாப்பு, அத்தியாயம் 4 – சிங்களம் அரச கரும மொழி. சிங்களமும் தமிழும் தேசிய மொழிகள்.
• 1987, 13ஆம் திருத்தம் – தமிழும் அரச கரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி.
• 1988, 16ஆம் திருத்தம் – நிருவாகம், சட்டவாக்கம், நீதிமன்ற மொழி ஏற்பாடுகள்.
• 1991 இல. 18 – அரச கரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம்.

மும்மொழிப் பலகை: வடிவமைப்பு விதிகள்

• சிங்களம்: வட்டச் சார்பு, நேர்கோடு அரிது. தமிழ்: வட்டமும் நேர்கோடும் கலப்பு. ரோமன் பேரெழுத்து: நேர்கோடு மிகுதி, ஒரே உயரம். மூன்றையும் ஒரே புள்ளி அளவில் இட்டால் மூன்றும் ஒரே அளவாகத் தெரியாது.
• சம அளவு என்பது புள்ளி எண்ணின் சமம் அல்ல. கண்ணுக்குத் தெரியும் உடல் உயரத்தின் சமம். ரோமன் பேரெழுத்துகளுக்குப் பக்கத்தில் தமிழை அதே புள்ளியில் இட்டால் தமிழின் உடல் சிறுத்துத் தெரியும். ஆகவே தமிழின் புள்ளி அளவை உயர்த்தல் அவசியம்.
• கோட்டுத் தடிப்புச் சமம்: மூன்று வரிகளையும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது ஒரே சாம்பல் அடர்த்தி. ஒரு வரி மட்டும் வெளிறித் தெரிந்தால் வடிவமைப்புத் தவறு. அந்த வெளிறிய வரி தமிழ் வரியாக இருப்பது, மொழிச் சமத்துவத்தைப் பலகையிலேயே மறுப்பதற்குச் சமம்.
• நீளச் சிக்கல்: தமிழ்ப் பெயர் பெரும்பாலும் அகலம் கூடியது. பலகைக்குள் அடக்க இருவழிகள்.
  – தவறான வழி: எழுத்தைக் கணினியில் பக்கவாட்டில் நசுக்கல். விளைவு: நிமிர்கோடுகள் மெலிதல், கிடைக்கோடுகள் தடிப்பு மாறாதிருத்தல், சுழிகள் முட்டை வடிவாதல். சான்ஸ் செரிஃபின் சீர்கோடு அங்கேயே அழிவு.
  – சரியான வழி: ஒடுங்கிய வகையாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தெரிவுசெய்தல். உதாரணம்: அனேக் தமிழ், 5 அகலங்கள் – ஒடுங்கியது, அரை ஒடுங்கியது, சாதாரணம், அரை விரிந்தது, விரிந்தது.
• ‘தெமோதரை’ 8 வடிவங்கள். ஆங்கிலப் பெயர் 8 எழுத்துகள். நசுக்கலுக்குக் காரணமே இல்லாத பெயர். ‘பண்டாரவளை’ மெய்ப்புள்ளியையும் சேர்த்து 9 வடிவங்கள், அதில் ஒன்று 3 சுழி ணகரம் – ஒடுங்கிய வகை தேவைப்படும் பெயர்.
• எழுத்திடைவெளி: பெயர்ப்பலகையில் சற்று அதிகம். ஆயினும் கொம்பும் அதற்குரிய எழுத்தும் ஓர் அலகு. இடைவெளி கூட்டும்போது ‘மோ’வின் மூன்று துண்டுகளும் பிரிந்தால் வாசிப்பு முறியும். ரோமனுக்கான இடைவெளி எண்ணை அப்படியே தமிழுக்கு இடுதல் ஆகாது.
• மூடுபனி, மழை, ஓடும் பெட்டியிலிருந்து பார்த்தல்: மலைநாட்டு நிபந்தனைகள் 3. மூன்றுக்கும் ஒரே விடை – திறந்த சுழி, நடுத்தரத் தடிப்பு, உயர்ந்த நிற வேறுபாடு.

இலக்கமுறைத் தமிழ்: தரங்கள்

• ஒருங்குறியில் தமிழ்: 1991 முதல், முதற் பதிப்பிலேயே. இடப்பரப்பு 128 (பதின்மம் 2944–3071), நிரப்பப்பட்டவை 72.
• சிங்கள இடப்பரப்பு: 3456–3583.
• தமிழ்த் துணைத்தொகுதி (பின்னங்கள், பழைய அளவைக் குறியீடுகள்): 2019, 12ஆம் பதிப்பு, 51 குறியீடுகள்.
• இலங்கைத் தரம்: சிங்களம் – எஸ்எல்எஸ் 1134. தமிழ் – எஸ்எல்எஸ் 1326 : 2008, விசைப்பலகை ரெங்கநாதன் முறை.
• தமிழ்நாட்டுத் தரம்: தமிழ்99 விசைப்பலகை, 2010இல் ஒருங்குறி, தேஸ்16 குறியாக்கங்கள்.
• இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம்: 2003.
• ட்ரூடைப் – அப்பிள், 1991. ஓப்பன்டைப் – மைக்ரோசொஃப்ட், அடோபி, 1996. எழுத்து இடமாற்றமும் பதிலீடும் எழுத்துருக் கோப்புக்குள்ளேயே அட்டவணையாக இருப்பது ஓப்பன்டைப்பின் சிறப்பு. ‘தெ’ சரியாகத் தோன்ற அடிப்படை.
• மாறுநிலை எழுத்துரு: 2016. ஒரே கோப்பில் தடிப்பு, அகலம் ஆகியவற்றின் எல்லா நிலைகளும். அறிவித்தோர் 4: அடோபி, அப்பிள், கூகிள், மைக்ரோசொஃப்ட்.

நினைவிற் கொள்ளவேண்டிய தமிழ் சான்ஸ் செரிஃப்கள்

• லதா: விண்டோஸ் 2000, ஆர். கே. ஜோஷி.
• நிர்மலா யூஐ: விண்டோஸ் 8 (2012). தமிழும் சிங்களமும் ஒரே எழுத்துருவில் – இலங்கைக்கு முக்கியம்.
• தமிழ் சங்கம் எம்என், சிங்கள சங்கம் எம்என்: அப்பிள் சாதனங்கள். எம்என் = முத்து நெடுமாறன், மலேசியா; முரசு அஞ்சலை உருவாக்கியவர் (1985).
• நோட்டோ சான்ஸ் தமிழ்: கூகிள். நோட்டோ = ‘டோஃபு வேண்டாம்’; டோஃபு – எழுத்துரு இல்லாதபோது தோன்றும் வெற்றுப் பெட்டி. நோட்டோ சான்ஸ் சிங்களமும் உண்டு. மும்மொழிப் பலகைக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் மிக எளிய கூட்டு.
• கட்டமரான்: பிரியா ரவிச்சந்திரன். தமிழ், ரோமன், 9 தடிப்புகள் (100–900). பெயர் மூலம்: கட்டுமரம்.
• ஹிந்த் மதுரை: இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி, 5 தடிப்புகள்.
• முக்த மலர்: ஏக் டைப், மும்பை, 7 தடிப்புகள்.
• அனேக் தமிழ்: ஏக் டைப், 2022. ரோமன் உட்பட 10 எழுத்து முறைகள் கொண்ட குடும்பத்தின் உறுப்பு. அந்தப் பத்தில் சிங்களம் இல்லை – இலங்கைப் பலகைக்கு உள்ள ஒரே குறை.
• பவனம்: தாரிக் அசீஸ், இலங்கை. 1 தடிப்பு. இவரது மற்றொன்று கவிவாணர் (சாய்ந்த கையெழுத்துச் சாயல், சான்ஸ் செரிஃப் வினாவுக்கு விடை அன்று).
• யாழ்தேவி: மூனியாக், கொழும்பு. கூகிள் தொகுப்பில் உள்ள பதிப்பு சிங்களம், ரோமன். அதே பெயரில் கொழும்பு – காங்கேசன்துறைக் கடுகதி (1956).
• கூகிள் எழுத்துருத் தொகுப்பு: 2010. பெரும்பாலானவற்றின் உரிமம்: எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் – பயன்படுத்தல், மாற்றல், பகிர்தல் அனுமதி, எழுத்துருவை மட்டும் தனியே விற்றல் தடை.

பயன்கள்

• பெயர்ப்பலகை, வீதிக் குறியீடு, கைபேசி இடைமுகம், நிகழ்த்துகைப் படவில்லை, காணொளி உபதலைப்பு, மருந்து உறை, படிவம்.
• தோட்டப் பயன்கள்: கொழுந்து மடுவத்து நிறைப் பட்டியல், செக்ரோல் (வருகைப் பதிவேடு), சம்பளச் சீட்டு, இரசாயனக் கொள்கலனின் எச்சரிக்கை, கிளினிக் அட்டை.
• நிறைப் பட்டியலுக்கு வேண்டிய இயல்பு: சம அகல இலக்கங்கள். 1, 7, 8 மூன்றும் ஒரே அகலம் எடுத்தால் கிலோ நிரல் நேராக நிற்கும்; பத்துகளும் ஒன்றுகளும் பிசகாமல் கூட்ட முடியும். சம அகலம் அற்ற இலக்கங்களில் 11, 17, 71 போன்றவை நிரலை விட்டு விலகும். நாட்சம்பளம் கொழுந்தின் நிறையில் தங்கியுள்ள இடத்தில் இது அழகுப் பிரச்சினை அல்ல.
• 3–8, 6–9, 1–7: தேய்ந்த அச்சில் மாறும் இலக்க இணைகள். திறந்த முனையுள்ள மானுடவியல் வகையில் மாறும் வாய்ப்புக் குறைவு.
• எச்சரிக்கை வாசகம்: தடிப்பு 600–700 போதும், 900இல் ‘ண’, ‘ஞ’ வாசிக்க இயலாது. ‘நஞ்சு’ என்ற சொல்லிலேயே ஞகரம் உண்டு.
• திரை நிற வேறுபாடு: சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 : 1; பெரிய எழுத்துக்கு 3 : 1. பெரிய எழுத்து = 18 புள்ளி, அல்லது தடித்த 14 புள்ளி.
• ‘திரைக்குச் சான்ஸ் செரிஃப், அச்சுக்குச் செரிஃப்’ – பாடநூல் விடை. தெரிவு வினாவில் இதுவே புள்ளி தரும். ஆய்வுகளில் இரண்டின் வாசிப்பு வேக வித்தியாசம் மிகச் சிறிது. எழுத்தளவு, வரியிடைவெளி, நிற வேறுபாடு ஆகியவற்றின் தாக்கமே பெரிது.

அடிக்கடி குழம்பும் இணைகள்

• ஹெல்வெட்டிக்கா 1957 – ஏரியல் 1982. எழுத்து அகலங்கள் ஒன்று, வடிவம் வேறு. ஹெல்வெட்டிக்காவின் முனைகள் கிடையாக வெட்டியவை, ஏரியலில் சாய்வாக.
• ஜோன்ஸ்டன் 1916 – கில் சான்ஸ் 1928. முன்னது நிலக்கீழ்ப் பாதைக்கு மட்டும். பின்னது பொது விற்பனைக்கு.
• எழுத்துரு – குறியாக்கம். நோட்டோ எழுத்துரு, ஒருங்குறி குறியாக்கம். பாமினி இரண்டும் பிணைந்த பழைய முறை.
• தமிழ்99 – ரெங்கநாதன். முன்னது தமிழ்நாடு, பின்னது இலங்கைத் தரம் 1326.
• தெமோதரை வளையம் – ஒன்பது வளைவுப் பாலம். வளையம் நிலையத்துக்குக் கீழே. பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே.
• சேமிப்பு 7 – காட்சி 8. தெமோதரை.